எதைக் குறைப்பது?

அத்தையின் இடது ஆள்காட்டி விரலில் அரிவாள்மனை பட்டது ஒரு புரட்டாசி மாதத்தில். வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தவர், உள்ளறையில் மாமா தொண்டையைச் செருமிய சத்தம் கேட்டுத் திரும்பியிருக்கிறார். பெரிய வெட்டில்லை. மஞ்சளை அப்பித் துணி சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார். தீபாவளிக்கு நான் ஊருக்குப் போனபோதும் விரலில் துணி இருந்தது. சர்க்கரை இருக்குமோ என்று இரத்தம் கொடுத்துப் பார்த்தோம். இல்லை. பி.பி. மட்டும் ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "டென்ஷனைக் குறைச்சுக்குங்கம்மா" என்றார்.

ஆட்டோவில் ஏறும்போது அத்தை கேட்டார்: "எதைக் குறைக்கணும்னு அவர் சொல்லலியேடா?"

மாமாவுக்குப் பக்கவாதம் வந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். மூக்கில் போட்ட குழாய் வழியாகக் கஞ்சி. கட்டிலோரம் சிறுநீர்ப் பை. கரண்ட் போனால் காற்று மெத்தை இறங்கிவிடும் என்பதால், இரவில் ஃபேன் சத்தம் நின்றாலே அத்தைக்கு விழிப்பு வந்துவிடும்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. டாக்டர் குறைக்கச் சொன்ன அந்த டென்ஷன் எங்கே இருக்கிறது? மாமாவின் கட்டிலிலா, அத்தையின் மனசிலா, அவர் இரத்தத்திலா? இருக்கும் இடம் தெரியாமல் எதைக் குறைப்பது? உடல்நல உளவியல் என்ற துறை இதே கேள்வியோடுதான் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டுகிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தில் அதற்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டது 1978-ல். கேள்வி அதைவிட மூத்தது. ஒவ்வொரு தலைமுறை ஆராய்ச்சியாளர்களும் ஒவ்வோர் இடத்தைக் காட்டினார்கள். அந்தப் பதில்கள் ஒவ்வொன்றையும் அத்தையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

தகைவும் திரிபும்

முதலில் சொல்லைப் பற்றி. ஸ்ட்ரெஸ், டென்ஷன், பிரஷர், மன உளைச்சல், மன அழுத்தம் என்று நம் வாயில் புழங்குவது ஐந்தாறு சொற்கள். இதில் 'மன அழுத்தம்' படுத்தும் பாடு பெரிது. ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதையே எழுதுகிறோம். மருத்துவர்கள் மனச்சோர்வு என்று தனியாகச் சொல்லும் நோய்க்கும் அதையே எழுதுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வில் கிடப்பவரிடம், "ரெண்டு நாள் ஊட்டிக்குப் போயிட்டு வா, மன அழுத்தம் போயிடும்" என்று சொல்லும் கொடுமை இந்தக் குழப்பத்தால்தான் நடக்கிறது. இன்னொன்றும் உண்டு. 'மன' என்று முன்னால் ஒட்டியதுமே, விஷயம் முழுக்க மனசுக்குள்தான் இருக்கிறது என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம்.

பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகம் இதில் நம்மைவிடத் தெளிவு. கம்பியில் பளுவைத் தொங்கவிட்டால் அதற்குள் ஓரலகு பரப்பில் எழும் விசையைத் தகைவு என்கிறது. அதனால் கம்பி தன் நீளத்தில் எவ்வளவு விகிதம் நீள்கிறது என்பதைத் திரிபு என்கிறது. ஆங்கிலத்தில் தகைவுக்கு உரிய சொல்தான் ஸ்ட்ரெஸ். அதை உடம்புக்குக் கொண்டுவந்து நிலைநாட்டியவர் ஹான்ஸ் செல்யே. வியன்னாவில் பிறந்து, பிராகில் மருத்துவம் படித்து, கனடாவின் மான்ட்ரியாலில் குடியேறியவர். தனக்கு ஆங்கிலம் இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தால் திரிபுக்கு உரிய சொல்லைத்தான் எடுத்திருப்பேன் என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். பளுவைக் குறிக்கும் சொல்லை, பளு தாங்கிய உடம்பின் நிலைக்கு வைத்துவிட்டார். அந்தக் குழப்பம் இன்றுவரை தீரவில்லை.

அவர் தேடியது புதிய ஹார்மோன் ஒன்றை. இறைச்சிக்கூடத்திலிருந்து மாட்டுச் சினைப்பைகளை வாங்கிவந்து, சாறெடுத்து எலிகளுக்கு ஊசி போட்டார். அறுத்துப் பார்த்தால் மூன்று மாற்றங்கள்: அட்ரினல் சுரப்பி வீங்கியிருந்தது, தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தது, இரைப்பையில் புண். கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்தார். வேறு உறுப்புகளின் சாற்றைப் போட்டுப் பார்த்தாலும் அதே மூன்று. கடைசியில் வெறும் ஃபார்மலினைப் போட்டார். அதற்கும் அதே மூன்று. ஹார்மோன் கனவு அன்றோடு போனது. அப்போதுதான் மாணவப் பருவத்தில் பிராக் மருத்துவமனையில் கண்டது அவருக்கு நினைவுக்கு வந்தது: என்ன நோயாக இருந்தாலும் நோயாளிகள் எல்லோரும் ஒரே மாதிரி சோர்ந்து, பசியற்று, இளைத்துக் கிடந்தார்கள். எது தாக்கினாலும் உடம்பு காட்டும் பொதுவான பதில் ஒன்று இருக்கிறது என்று 1936-ல் 'நேச்சர்' இதழில் சிறு குறிப்பாக எழுதினார். முதலில் அதிர்ச்சி, பிறகு தாக்குப்பிடித்தல், கடைசியில் ஓய்ந்துபோதல் என்று அதற்கு மூன்று கட்டங்கள் வகுத்தார்.

அவருக்கு முன்பே, ஹார்வர்டில் வால்டர் கேனன், பூனைகளுக்கு பிஸ்மத் கலந்த தீனி கொடுத்து அப்போது புதிதாக வந்திருந்த எக்ஸ்ரேயில் இரைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை சீறினாலோ மிரண்டாலோ இரைப்பையின் அசைவு அப்படியே நின்றுவிட்டது. ஆபத்து வந்தால் செரிமானம் போன்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு, சண்டைக்கோ ஓட்டத்துக்கோ உடம்பு தயாராகிறது என்பது அவர் 1915-ல் வெளியிட்ட நூலின் சாரம்.

அத்தை யாரோடு சண்டை போடுவார்? எங்கே ஓடுவார்? பூனையின் சீற்றம் சில நிமிடத்தில் அடங்கி, இரைப்பை மறுபடி அசையத் தொடங்கும். ஆறு வருடம் அடங்காமல் நிற்கும் ஒன்றுக்குக் கேனனின் பூனையிடம் பதில் இல்லை. செல்யேயின் எலிகள் கொஞ்சம் கிட்டே வருகின்றன. ஆனால் எலிக்கு ஊசி போட்டது யார், எப்போது, எவ்வளவு என்பது தெரியும். மனிதர்களுக்கு எது ஊசி?

நாற்பத்து மூன்று நிகழ்ச்சிகள்

அதற்குப் பட்டியலே போட்டார்கள். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஹோம்ஸும் ரிச்சர்ட் ராஹேயும் 1967-ல் 43 வாழ்க்கை நிகழ்ச்சிகளுக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். கணவன் அல்லது மனைவியின் மரணம் 100. விவாகரத்து 73. சிறைவாசம் 63. திருமணம் 50, நல்ல நிகழ்ச்சியானாலும் அதுவும் மாற்றம்தானே! கிறிஸ்துமஸுக்கு 12. ஒரு வருடத்தின் கூட்டுத்தொகை ஏற ஏற நோயில் விழும் வாய்ப்பும் ஏறும் என்பது கருத்து. ராஹே கடற்படைக் கப்பல்களின் மாலுமிகளை வைத்துச் சோதித்தபோது தொடர்பு தெரிந்தது, ஆனால் மெல்லிய தொடர்பு.

இந்தப் பட்டியலில் குடும்பத்தில் ஒருவரின் உடல்நிலை மாறுவதற்கு 44. மாமா விழுந்த வருடம் அத்தைக்கு அந்த 44 கிடைக்கும். அடுத்த வருடம்? மாமாவின் உடல்நிலையில் மாற்றமில்லை. யாரும் சாகவில்லை, வீடு மாறவில்லை, வேலை போகவில்லை. அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். அத்தையின் வாழ்க்கையில் எதுவும் நடக்கவில்லை என்பதுதான் அவருடைய பாரம். அந்தத் தாளில் அதை எழுதக் கட்டமே இல்லை.

இதைச் சரிசெய்ய வந்தவர் பெர்க்லியின் ரிச்சர்ட் லாசரஸ். மனதை நடுங்கவைக்கும் ஒரே படத்தை வெவ்வேறு பின்னணிக் குரலோடு ஆட்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் இதயத்துடிப்பையும் தோலின் வியர்வையையும் 1960களில் அவர் குழு அளந்தது. காட்சியின் வலியைக் குரல் பூசி மெழுகினால் உடம்பின் பதற்றமும் குறைந்தது. 1984-ல் சூசன் ஃபோக்மனோடு சேர்ந்து எழுதிய நூலில் அவர் கொடுத்த விளக்கம்தான் இந்தத் துறையில் இன்றும் பாடம். ஸ்ட்ரெஸ் என்பது மனிதருக்கும் அவர் சூழலுக்கும் இடையிலான உறவு. முன்னால் நிற்பது எனக்கு ஆபத்தா என்று மனம் முதலில் எடை போடுகிறது. அதைச் சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று அடுத்து எடை போடுகிறது. கேட்பது கையிருப்பை மிஞ்சும்போது ஸ்ட்ரெஸ்.

தராசுக்கு இரண்டு தட்டு. ஆனால் லாசரஸை மேடையில் எடுத்துச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு தட்டைத்தான் காட்டுகிறார்கள்: "எல்லாம் நீங்கள் பார்க்கும் பார்வையில் இருக்கிறது." அலுவலகங்களில் நடக்கும் அரைநாள் பயிலரங்குகளில் இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் கோபமே வருகிறது. அத்தையின் பார்வையில் ஒரு குறையும் இல்லை. "எனக்கென்னடா கஷ்டம், படுத்துக் கிடக்கிறது அவருல்ல" என்பவர் அவர். வற்றிப்போயிருந்தது இரண்டாவது தட்டு. மாற்றிவிட ஆள், தூக்கம், பணம், ஒரு மதியப்பொழுது என்று அதில் எதுவுமே இல்லை.

சாலிஸ்பரியின் மூக்குச் சொட்டு

பளு, பார்வை, கையிருப்பு என்று பேசிக்கொண்டே போகலாம். உடம்பு நிஜமாகவே இதனால் நோயில் விழுகிறதா என்று நிரூபிப்பது வேறு வேலை. ஸ்ட்ரெஸ்ஸில் இருப்பவர் சரியாகச் சாப்பிடமாட்டார், தூங்கமாட்டார், அதிகம் புகைப்பார். கூட்டத்தில் போய் நோயை வாங்கியும் வரலாம். எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது?

இங்கிலாந்தில் சாலிஸ்பரிக்கு அருகே, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர்கள் கட்டிக்கொடுத்த மருத்துவமனைக் குடில்கள் இருந்தன. போர் முடிந்ததும் 1946-ல் அங்கே ஜலதோஷ ஆய்வு நிலையம் தொடங்கியது. ஆரோக்கியமான ஆட்கள் பத்து நாள் வந்து தங்க வேண்டும். சாப்பாடு, தங்குமிடம் இலவசம், கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. பதிலுக்கு மூக்கில் வைரஸ் சொட்டு விட்டுக்கொள்ள வேண்டும். விடுமுறை மாதிரி விளம்பரம் செய்ததால் சிலர் திரும்பத் திரும்ப வந்தார்கள். கொரோனா வைரஸ்கள் மனிதர்களுக்குச் சளி தருவதை 1960களில் கண்டறிந்த இடங்களில் இதுவும் ஒன்று. நிலையத்தின் தலைவராக இருந்த டேவிட் டைரெலோடு அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் கைகோத்தார்.

154 ஆண்கள், 266 பெண்கள். முதலில் ஒவ்வொருவரையும் மருத்துவர் சோதித்தார், இரத்தம் எடுத்தார்கள். பிறகு கேள்வித்தாள்கள். கடந்த வருடம் என்னென்ன நடந்தது என்று ஒன்று. கடந்த மாதத்தில் விஷயங்கள் கைமீறிப் போவதாக எத்தனை முறை தோன்றியது என்று இன்னொன்று; இது கோஹனே 1983-ல் இருவரோடு சேர்ந்து உருவாக்கிய அளவுகோல், இன்று உலகெங்கும் பயன்படுகிறது. கோபம், சோகம் போன்ற உணர்ச்சிகளைப் பற்றி மூன்றாவது. பிறகு 394 பேருக்கு ஐந்து வகைச் சுவாச வைரஸ்களில் ஏதாவது ஒன்றைச் சொட்டாக விட்டார்கள். 26 பேருக்கு வெறும் உப்புநீர். சொட்டுக்கு முன் இரண்டு நாளும் பின் ஏழு நாளும் தனித்திருத்தல். தினமும் மருத்துவர் வந்து தும்மல், மூக்கடைப்பு, தொண்டைவலி, இருமல் என்று குறித்துக்கொண்டார். மூக்கைத் துடைத்துப் போட்ட காகிதங்களைக்கூட எண்ணினார்கள்.

வைரஸை ஆய்வாளர்களே மூக்கில் விட்டார்கள். கூட்டத்தில் போய் வாங்கிவந்தார் என்ற பேச்சுக்கு இடமில்லை. 1991-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் முடிவு வந்தது. ஸ்ட்ரெஸ் மிகக் குறைவாக இருந்தவர்களில் சளி பிடித்தது சுமார் 27 சதவீதம் பேருக்கு. மிக அதிகமாக இருந்தவர்களில் சுமார் 47 சதவீதம். இடையில் படிப்படியான ஏற்றம். புகை, மது, உடற்பயிற்சி, தூக்கம், உணவு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் அந்தப் படிக்கட்டு கலையவில்லை.

எந்த மாதிரி ஸ்ட்ரெஸ்? கேள்வித்தாளைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் உட்கார வைத்து விரிவாகப் பேட்டி கண்டு, அமெரிக்காவில் 276 பேரிடம் அதே மூக்குச் சொட்டு முறையில் கோஹன் மறுபடி ஆராய்ந்தார். முடிவு 1998-ல் வந்தது. கடுமையானதாக இருந்தாலும் ஒரு மாதத்துக்குள் முடிந்துபோன நெருக்கடிகள் சளியைக் கூட்டவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நீண்டவைதான் கூட்டின: வேலையில்லாமலோ தகுதிக்கு ஏற்ற வேலை கிடைக்காமலோ இருப்பது, வீட்டாரோடும் நண்பர்களோடும் ஓயாத பிணக்கு. இடிபோல விழுந்ததைவிட, சொட்டுச் சொட்டாக ஒழுகியதுதான் உடம்பைக் கெடுத்தது.

அதன் உள்வேலையை 2012-ல் அவர் குழு எழுதியது. நெருக்கடியில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன், அழற்சியை அடக்கச் சொல்லும் கட்டளை. நெருக்கடி நீண்டுகொண்டே போனால் நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்தக் கட்டளைக்குச் செவிடாகின்றன. அழற்சி அடங்காமல் போகிறது. மூக்கு ஒழுகுவதும் தொண்டை வலிப்பதும் பெரும்பாலும் அந்த அழற்சியின் வேலைதான்.

நாற்பத்தெட்டு நாள்

படித்தவற்றில் என்னை உலுக்கியது ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு சிறிய ஆய்வு. ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவர் கணவர் ரொனால்ட் கிளேசரும் சகாக்களோடு செய்தது. 1995-ல் 'லான்செட்' இதழில் வந்தது. மறதி நோயில் விழுந்த உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்கள். அதே வயதும் வருமானமும் உள்ள, பராமரிப்புச் சுமை இல்லாத இன்னும் 13 பெண்கள். ஒவ்வொருவரின் முன்கையிலும் மருத்துவ முறைப்படி 3.5 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சிறு புண் உண்டாக்கினார்கள். கட்டுப் போட்டார்கள். புண்ணைப் படம் எடுத்துக்கொண்டே வந்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரை வராத நாளே ஆறிய நாள்.

சுமை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39.3 நாள். பராமரிக்கும் பெண்களுக்கு 48.7 நாள்.

இருபத்தாறு பேர்தான். ஆனாலும், பாசத்தால் செய்கிறோம், கஷ்டமே இல்லை என்று வாய் சொன்னாலும் கணக்கைத் தோல் வைத்துக்கொள்கிறது என்பதை இவ்வளவு எளிமையாக வேறு எதுவும் எனக்குக் காட்டவில்லை. அத்தையின் விரல் ஆறாததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல முடியாது. ஒரு தனி மனிதரின் ஒரு காயத்தைப் பற்றி எந்த ஆய்வும் அப்படிச் சொல்லாது. பாத்திரம் தேய்க்கும் தண்ணீரிலேயே நாள் முழுக்க இருந்த விரல் அது.

எதற்கெடுத்தாலும் ஸ்ட்ரெஸ் என்று கைகாட்டுவதில் ஆபத்து உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் கவலை என்றே பல பத்தாண்டுகள் மருத்துவ உலகம் நம்பியது. பெரும்பாலான புண்களுக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதை 1980களில் ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் காட்டினார்கள். 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். சாலிஸ்பரியிலும், வைரஸ் உள்ளே போகாமல் ஸ்ட்ரெஸ் மட்டும் யாருக்கும் அந்தச் சளியைக் கொடுத்துவிடாது.

இன்னொரு ஆபத்து கசப்பானது. ஸ்ட்ரெஸ்ஸின் தந்தை எனப் பெயர் பெற்ற செல்யே, சிகரெட் கம்பெனிகளிடம் பணம் வாங்கினார். 1969-ல் கனடா நாடாளுமன்றக் குழுவின் முன் போய், புகையிலை விளம்பரக் கட்டுப்பாட்டுக்கும் எச்சரிக்கை வாசகங்களுக்கும் எதிராகப் பேசினார். மாரடைப்புக்குக் காரணம் ஸ்ட்ரெஸ் என்று ஆகிவிட்டால் சிகரெட் தப்பித்துக்கொள்ளும் என்பது கம்பெனிகளின் கணக்கு. வழக்குகள் மூலம் வெளியே வந்த அந்தக் கம்பெனிகளின் ஆவணங்களிலேயே இது இருக்கிறது. பழியை எங்கே வைக்கிறோம் என்பதில் யாருக்கோ லாபம் இருக்கிறது.

கைக்கெட்டிய பொத்தான்

லண்டன் அரசு ஊழியர்களை ஆராய்ந்த வைட்ஹால் ஆய்வு 1967-ல் தொடங்கியது. பெரிய அதிகாரிக்குத்தான் டென்ஷன், அவருக்குத்தான் மாரடைப்பு என்று ஊரெல்லாம் நம்பிய காலம். மைக்கேல் மார்மட்டும் சகாக்களும் கண்டது நேர்மாறு. கடைநிலை ஊழியர்கள் இதய நோயில் இறக்கும் விகிதம் உயரதிகாரிகளைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் சேர்ந்தும் இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதியை விளக்கவில்லை. 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் பெண்களும் சேர்ந்து 10,308 பேர். தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் தனக்குச் சொல் இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று அதில் தெரிந்தது.

டேவிட் கிளாஸும் ஜெரோம் சிங்கரும் நியூயார்க்கில் செய்த சோதனை ஒன்று இதைக் கைவிரலில் தொட்டுக் காட்டுகிறது. ஆட்களைக் காதைப் பிளக்கும் இரைச்சலில் உட்கார வைத்து வேலை கொடுத்தார்கள். சிலருக்கு மட்டும் ஒரு பொத்தான். தாங்க முடியாவிட்டால் அமுக்குங்கள், இரைச்சல் நின்றுவிடும். முடிந்தவரை அமுக்காமல் இருந்தால் நல்லது என்றார்கள். பெரும்பாலும் அமுக்கவில்லை. அதே இரைச்சலைத்தான் அவர்களும் கேட்டார்கள். ஆனால் அதன்பின் கொடுத்த புதிர்களில் நீண்ட நேரம் முயன்றவர்களும், பிழை திருத்துவதில் குறைவாகத் தவறியவர்களும் பொத்தான் வைத்திருந்தவர்கள்தான்.

சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமனியும் 2004-ல் 208 ஆய்வகச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கார்டிசாலை மிக அதிகமாக ஏற்றியவை, கட்டுப்பாடு கையில் இல்லாததோடு பிறர் எடைபோடும் பார்வையும் சேர்ந்த சூழ்நிலைகள். இதைப் படித்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவைப் பார்க்க வரும் உறவுக்காரர்கள்தான் கண்முன் வந்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, "ஏன் இப்படி இளைச்சுட்டார்? வேளாவேளைக்குக் கஞ்சி போகுதா?" என்பார்கள். அத்தை பதில் சொல்லாமல் காபி போட உள்ளே போவார்.

டாக்டர் கேட்காத கேள்வியை நான் பொங்கலுக்குப் போனபோது கேட்டேன். "உங்க கையில என்ன இருந்தா கொஞ்சம் பரவாயில்லன்னு தோணும் அத்தை?"

யோசிக்கவே இல்லை. "ரெண்டு மதியம்" என்றார். "கதவைச் சாத்திட்டுப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் அவரைப் பத்தி நினைக்காம இருக்கணும்."

குடும்பத்தில் பேசினோம். வருத்தங்கள் இருந்தன, பணப் பேச்சும் வந்தது. கடைசியில் செவ்வாயும் வெள்ளியும் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை என் சின்ன அத்தை மகன் வந்து இருப்பதென்று முடிவானது. புரட்டிப் படுக்க வைக்கவும் குழாயில் கஞ்சி விடவும் அத்தையே அவனுக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் இரண்டு வாரம் வீட்டைவிட்டு நகரவில்லை. அவன் செய்வதை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை பட்டுப் புடவையெல்லாம் கட்டிக்கொண்டு, நான்கு ஸ்டாப் தள்ளி இருக்கும் தங்கை வீட்டுக்கு பஸ் ஏறினார். ஆறு வருடத்தில் அங்கே போவது அதுதான் முதல் தடவை.

போய் என்ன பேசினீர்கள் என்று போனில் கேட்டேன்.

"பேசவா? அவ காபி கலக்க உள்ள போனா. நான் ஊஞ்சல்லயே தூங்கிட்டேன். அஞ்சரைக்கு எழுப்பி பஸ் ஏத்திவிட்டா."